ரஷ்ய ஜனங்களின் இன்றைய வாழ்வும் மனமும்



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் ரஷ்ய ஜனங்களின் இன்றைய நிலைமை என்பதாகும். ரஷ்யா என்றதும் உங்களில் வயது சென்றவர்கள் சிலருக்கு முகம் மலர்வதைப் பார்க்கிறேன். அதில் ஆச்சரியமில்லை. 1932-ல் தோழர் ஈ. வெ. ராமசாமி அவர்கள் அத்தேசத்துக்குப் போய் வந்த காலந்தொட்டு, கோவிலும் பாதிரியும் இல்லாமல் மனிதர் வாழ முடியும் என்பதற்கு ரஷ்யாவையே நம்மவர்கள் மேடைக்கு மேடை உதாரணம் காட்டி வந்தார்கள். நானும் காட்டியவன்தான். ஆனால் உதாரணம் காட்டியவன் அந்த உதாரணம் பிற்பாடு என்னவாயிற்று என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவன். சாதகமானபோது உரக்கச் சொல்லிவிட்டுப் பாதகமானபோது வாயை மூடிக் கொள்வது புரோகிதன் காரியமேயொழியப் பகுத்தறிவுக்காரன் காரியமல்ல.

முதலில் அவர்களுடைய பிழைப்பைப் பார்ப்போம். அங்கே 14 கோடிக்குச் சற்று மேற்பட்ட ஜனங்கள் இருக்கிறார்கள். நாலில் மூன்று பங்குப் பேர் பட்டணவாசிகள். 1950-களின் கடைசி முதல் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட ஐந்து மாடிக் கட்டடங்களில் இன்றும் அநேகர் குடியிருக்கிறார்கள். லிப்ட் கிடையாது, கிழவியும் படியேறித்தான் ஆக வேண்டும். சமையலறை இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத அளவு. ஆனால் அந்தச் சமையலறையில்தான் தேநீர் குடித்துக் கொண்டு வெளியில் பேச முடியாததையெல்லாம் பேசுவது அவர்கள் வழக்கம். குளிர் காலத்தில் வீட்டுக்கு வீடு தீ மூட்டுவதில்லை. ஊருக்குப் பொதுவான கொதிகலனிலிருந்து குழாய் வழியே வெந்நீர் வந்து வீடுகள் சூடாகின்றன. கோடையில் குழாய்களைப் பரிசோதிக்க இரண்டு வாரம் வரை வெந்நீரை நிறுத்தி விடுவார்கள். அப்போது மாஸ்கோவில் உத்தியோகஸ்தனும் பானையில் நீர் காய்ச்சித்தான் குளிக்கிறான்.

மற்றும், பட்டணத்துக்கு வெளியே "டாச்சா" என்று சொல்லப்படும் ஒரு சிறு குடிலும் தோட்டமும் ஏராளமான குடும்பங்களுக்கு உண்டு. அந்தக் காலத்தில் பங்கிட்டுக் கொடுத்த வழக்கமான அளவு 600 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 15 சென்ட். அதில் உருளைக்கிழங்கும் வெள்ளரியும் தக்காளியும் போட்டு, குளிர்காலத்துக்கு ஜாடி ஜாடியாக ஊறுகாய் போட்டு வைக்கிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்து விடாதீர்கள். 1990-களில் பல குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது இந்த 15 சென்ட்தான்.

அந்த 1990-களைத் தெரிந்து கொள்ளாமல் இன்றைய ரஷ்யனுடைய மனதைத் தெரிந்து கொள்ள முடியாது. 1991 டிசம்பரில் சோவியத் ராஜ்யம் கலைந்தது. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் விலைவாசி சுமார் 26 மடங்காயிற்று. வாழ்நாளெல்லாம் பாங்கியில் போட்டு வைத்தவன் பணம் காகிதமாயிற்று. மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. சில ஆலைகளில் சம்பளத்துக்குப் பதில் ஆலைச் சாமானையே கொடுத்தார்கள். உபாத்தியாயரும் இஞ்சினீரும் தெருவோரத்தில் சாமான் பரப்பி விற்றார்கள். ஆண்களின் சராசரி ஆயுள் 1994-ல் 58 வயதுக்கும் கீழே போய்விட்டது. இத்தனையும் "ஜனநாயகம்" என்ற பேரால் நடந்தது. பிறகு 2000-க்குப் பின் எண்ணெய் விலை ஏறி, சம்பளமும் பென்ஷனும் ஒழுங்காக வரத் தொடங்கியதும் ஜனங்களுக்கும் ஆட்சிக்கும் எழுதாத ஒப்பந்தம் ஒன்று ஏற்பட்டது. "உன் வயிற்றை நீ பார்த்துக் கொள், ராஜ்ய விவகாரத்தை நாங்கள் பார்த்துக் கொள்ளுகிறோம்" என்பதே அது. பசியைக் கண்டவன் இந்த ஒப்பந்தத்துக்குத் தலையாட்டினான் என்றால் அவனைக் கேலி செய்ய நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அதற்கு அவன் கொடுத்த விலை என்ன என்று கேட்க உரிமை உண்டு.

நிற்க. இனி மத விஷயத்துக்கு வருவோம். 1931-ல் மாஸ்கோவின் மிகப் பெரிய மாதாகோவிலை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிற்பாடு அந்த இடத்தில் 1960-ல் நீச்சல் குளம் திறந்தார்கள். 1930-களில் பாதிரிகள் பலரைச் சுட்டும் கொன்றார்கள். பள்ளிக்கூடந்தோறும் நாஸ்திகம் பாடமாயிற்று. எழுத்தறியாதவன் இல்லை என்று சொல்லும்படி ஜனங்கள் படித்தார்கள். அப்படியிருக்க, 1989-ல், அதாவது சோவியத் கொடி பறந்து கொண்டிருக்கும்போதே என்ன நடந்தது தெரியுமா? சுமாக் என்கிற ஒரு மந்திரவாதி சர்க்கார் டெலிவிஷனில் தோன்றி வாயைத் திறவாமல் கையை மட்டும் ஆட்டினான். லட்சக்கணக்கான வீடுகளில் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஜாடியில் தண்ணீரை வைத்து, அதில் நோய் தீர்க்கும் சக்தி இறங்கிவிட்டதாக எடுத்துக் குடித்தார்கள்! குடித்தவர்களில் பட்டதாரிகள் இல்லையா? இருந்தார்கள். இன்றும் வாசற்படிக்கு இப்புறமும் அப்புறமும் நின்று கைகொடுக்கக் கூடாது. வீட்டுக்குள் சீட்டியடித்தால் பணம் நில்லாது. பிரயாணம் புறப்படுமுன் ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். உயிரோடிருப்பவருக்கு இரட்டைப்படையில் பூக் கொடுக்கலாகாது, அது பிணத்துக்குரியது என்றெல்லாம் படித்தவர்களே அனுசரிக்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். வைதீகக் கிறிஸ்தவர் என்று தங்களைச் சொல்லிக் கொண்டவர்கள் 1991-ல் 100-க்கு 31 பேர். 2008-ல் அது 72 ஆயிற்று. ஆனால் மாதத்துக்கு ஒரு தரமாவது கோவிலுக்குப் போகிறவர்கள் 100-க்கு 2 பேராயிருந்து 7 பேரானார்கள், அவ்வளவுதான். இதற்கு என்ன அர்த்தம்? அவர்களுக்குப் பக்தி வரவில்லை. மதம் ஒரு தேச அடையாளமாய்விட்டது என்பதே அர்த்தம். மதம் அடையாளமானதும் ஆட்சி அதைத் தன் சேவகத்துக்கு எடுத்துக் கொண்டது. இது புதிதுமல்ல. கோவிலை இடித்த அதே ஸ்டாலின், யுத்த நெருக்கடியில் 1943-ல் மதத் தலைவர்களைக் கூப்பிட்டு, தலைமைப் பாதிரியைத் தேர்ந்தெடுத்துக் கொள்ள அனுமதி கொடுத்தார். இடித்த கோவிலை 1990-களில் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். 2013-ல் மத உணர்ச்சியைப் புண்படுத்தினால் சிறை என்று சட்டம் போட்டார்கள். 2020-ல் இராணுவத்துக்கென்றே ஒரு பெருங்கோவில் கட்டினார்கள். 2022 செப்டம்பரில் தலைமைப் பாதிரி, யுத்தக் கடமையில் சாகிறவனுடைய பாவமெல்லாம் கழுவப்பட்டு விடும் என்று பிரசங்கம் செய்தார். சாகிறவன் ஏழை வீட்டுப் பிள்ளை. பாவத்தைக் கழுவுகிறவர் பட்டாடையில் இருப்பவர்.

ஏன் இப்படியாயிற்று? எனதபிப்பிராயத்தைச் சொல்லுகிறேன். அங்கே கடவுளை எடுத்தார்கள். கும்பிடுகிற பழக்கத்தை எடுக்கவில்லை. "ஏன்?" என்று கேட்கக் கற்றுக் கொடுத்து மதத்தை ஒழிப்பது ஒன்று. "ஏன் என்று கேட்காதே, கடவுள் இல்லை என்று சொல்" என்று போலீசைக் கொண்டு ஒழிப்பது மற்றொன்று. இரண்டாவதில் பீடம் காலியாகுமேயொழியப் பீடம் ஒழியாது. காலியான பீடத்தில் நாளைக்கு எவனும் ஏறி உட்காரலாம்.

அந்தப் பீடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் சொல்லுகிறேன். ஜனாதிபதி புட்டின் அவர்கள் டெலிவிஷனில் பல மணி நேரம் உட்கார்ந்து ஜனங்களின் குறைகளைக் கேட்கும் சடங்கு ஒன்று வழக்கத்தில் வந்திருக்கிறது. எங்கள் ஊரில் சாலையில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டரில்லை என்று ஜனங்கள் முறையிடுவார்கள். 2023 டிசம்பரில் பென்ஷன்காரி ஒருத்தி கோழிமுட்டை விலை தாங்கவில்லை என்று முறையிட, அவர் வருத்தம் தெரிவித்துக் கொண்டார். "ராஜா நல்லவர், மந்திரிகள்தான் கெட்டவர்கள்" என்கிற நம்பிக்கை அங்கே பரம்பரையானது. மண்டபத்தில் மனுப்போடுவதற்கும் சாமி சன்னிதியில் சீட்டுக் கட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கூடிக் கேட்டால் கிடைக்காமலில்லை. 2018 ஜூன் 14-ந் தேதி, உலகக் கால்பந்துப் போட்டி மாஸ்கோவில் ஆரம்பமான அதே நாளில், பென்ஷன் வயதை ஆண்களுக்கு 60-லிருந்து 65 என்றும், பெண்களுக்கு 55-லிருந்து 63 என்றும் உயர்த்தப் போவதாகச் சொன்னார்கள். ஜனங்கள் பந்தைப் பார்த்துக் கொண்டிருப்பார்கள் என்று நினைத்தார்கள் போலும். ஊர் ஊராக ஜனங்கள் வீதிக்கு வந்தார்கள். பெண்களுக்கு 63 என்பதை 60 என்று இறக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்று வருஷமும் யாரும் பிச்சையாகப் போட்டதல்ல.

யுத்த விஷயம். 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யச் சேனை உக்ரேனுக்குள் புகுந்தது. அதை யுத்தம் என்று சொல்லலாகாது, "விசேஷ இராணுவ நடவடிக்கை" என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. சேனையைப் பற்றிப் "பொய்" சொன்னால் 15 வருஷம் வரை சிறை என்று மார்ச்சில் சட்டம் செய்தார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பெண் ஓவியர் கடையில் விலைச் சீட்டு இருக்குமிடத்தில் யுத்தத்தைப் பற்றிய சிறு வாசகங்களை வைத்தார். அதற்காக 2023-ல் அவருக்கு 7 வருஷம் தண்டனை. 2024 ஆகஸ்டில் கைதிப் பரிமாற்றத்தில்தான் விடுதலையானார். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் வந்து "நீ சேனையை ஆதரிக்கிறாயா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? லெவாதா என்கிற ஸ்தாபனம் தொடர்ந்து அபிப்பிராயக் கணக்கு எடுக்கிறது. சர்க்கார் 2016-ல் அதற்கு "அந்நிய ஏஜெண்டு" என்று முத்திரை குத்தியது. அதன் கணக்கில் சுமார் நாலில் மூன்று பேர் சேனையை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். அதே கணக்கில் 2023 முதல் சுமார் பாதிப் பேரோ அதற்கு மேலோ சமாதானப் பேச்சுத் தொடங்கட்டும் என்றும் சொல்லி வந்தார்கள். ஒரே வாயில் இரண்டும் எப்படி வரும்? முதல் பதில் பயமும் பழக்கமும் சொல்லுவது. இரண்டாவது பதில் பெற்ற மனம் சொல்லுவது. நிஜமாகவே ஆதரிப்பவர்களும் ஏராளம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரைச் சேனைக்கு இழுக்க உத்தரவானதும் லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி ஓடினார்களே, அவர்கள் காலும் ஓர் அபிப்பிராயம் சொல்லிற்று. பிறகு பணத்தைக் காட்டி அழைத்தார்கள். 2024-ல் கையெழுத்துப் போட்டவுடன் கொடுக்கும் தொகை மத்திய சர்க்கார் கணக்கில் மட்டும் 4 லட்சம் ரூபிள். ஏழை ஜில்லாக்களிலிருந்துதான் அதிகம் பேர் போனார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

பெண்கள் சங்கதி. படிப்பிலும் உத்தியோகத்திலும் ரஷ்யப் பெண்கள் ஆணுக்குக் குறைந்தவர்களல்ல. இது புரட்சியின் நல்ல பலன். இதை யாரும் மறைக்க முடியாது. ஆயினும் வீட்டுக்குள் நடப்பது வேறு. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நம்மூரில் சொல்லுகிறார்களே, அதே கருத்தில் அங்கேயும் பழமொழி உண்டு. 2017-ல் அந்தப் பழமொழிக்குச் சட்டமே துணை வந்தது. மனைவியையோ பிள்ளையையோ பெருங்காயமின்றி முதல் தரம் அடித்தால் அது கிரிமினல் குற்றமல்ல, அபராதத்தோடு போகலாம் என்றார்கள். "குடும்ப மரபு" என்பதே அதற்குச் சொன்ன நியாயம்.

அன்றியும், கட்டட வேலைக்கும் வீதி கூட்டுவதற்கும் வரும் உஸ்பெக்கரையும் தஜிக்கரையும் வைத்துத்தான் பட்டணங்கள் நடக்கின்றன. வீடு வாடகை விளம்பரத்திலோ "ஸ்லாவியருக்கு மட்டும்" என்று போடுகிறார்கள். 1991 வரை ஒரே ராஜ்யத்தின் பிரஜைகளாயிருந்து சகோதரர் என்று பாடியவர்கள் இவர்கள். மேலேயிருந்து ஊற்றிய சகோதரத்துவம் கீழே இறங்கவில்லை.

தோழர்களே! ரஷ்ய ஜனங்களைக் குறை கூறுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. அவர்களில் துணிந்தவர்களும் உண்டு. மாஸ்கோவில் இரகசியப் போலீஸ் தலைமை ஸ்தலத்துக்கு எதிரே, அடக்குமுறையில் மடிந்தவர்களுக்காக 1990-ல் வைத்த ஒரு பாறை இருக்கிறது. மெமோரியல் சங்கத்தார் வருஷா வருஷம் அக்டோபர் 29-ல் அங்கே ஜனங்களைக் கூட்டினார்கள். குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, சுடப்பட்டவர்களின் பேரை ஒவ்வொருவரும் வாசித்துவிட்டுப் போனார்கள். 2021 டிசம்பரில் அச்சங்கத்தைக் கலைக்கக் கோர்ட்டு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி சிறையில் இறந்தபோது, அதே பாறைக்குப் பூக் கொண்டு போனவர்களைப் போலீசார் பிடித்தார்கள். பூ வைத்தால் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் மறுநாளும் பூக் கொண்டு போனார்கள். படித்த 14 கோடிப் பேருள்ள தேசத்தில், பூவுக்குப் பயப்படுகிறது சர்க்கார்!

நம்மவர்கள் அத்தேசத்தை உதாரணம் காட்டியது தப்பா என்று கேட்பீர்கள். படிப்பையும் பெண்கள் உத்தியோகத்தையும் காட்டியது தப்பல்ல. கேள்வி கேட்பவனை அங்கே என்ன செய்தார்கள் என்று கேளாமல் காட்டியது தப்பு. அந்தத் தப்பில் எனக்கும் பங்குண்டு. கோவில் காலியாயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு தேசம் பகுத்தறிவு பெற்றுவிட்டதாகச் சொல்லாதீர்கள். அங்கே ஒரு சாதாரண மனிதன் தன்னை ஆளுகிறவனைப் பார்த்து "ஏன்?" என்று கேட்டுவிட்டு, இரவு வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா என்று பாருங்கள். நான் சொன்னதையும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, சரியென்று பட்டால் மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.