நீரிழிவும் நோய்முதல் அறிதலும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்பதாகும். அதன் 948ஆம் குறளில் திருவள்ளுவர் மருத்துவனுக்கு ஒரு முறையை வகுத்துத் தருகின்றார். நோய் இன்னதென ஆராய்தல் முதற்படி. அது எதனால் வந்தது என ஆராய்தல் இரண்டாம் படி. அதனைத் தணிக்கும் வழியை ஆராய்தல் மூன்றாம் படி. நீரிழிவைப் பொறுத்தவரை, முதற்படியில் பலர் காலம் தாழ்த்துகின்றனர். இரண்டாம் படியையோ சிலர் ஏறாமலே விட்டுவிடுகின்றனர். அதனால் விளையும் துன்பத்தைப் பற்றியதே இவ்வுரை.

‘இனிப்பு நீர்’ என்று இங்குள்ள பெரியோர்கள் குறிப்பிடும் இந்நோய் இந்தியச் சமுதாயத்திற்குப் புதியதன்று. 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டிலுள்ள பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாகும், அதாவது பத்துப் பேரில் மூவர். நோயுற்றோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோயுள்ளதை அதுவரை அறிந்திருக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் அறியாதோர் அப்போதும் இருந்தனர்.

விரத காலத்தில் நாற்பத்தைந்து வயது அன்பர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு, ஒரு வேளை மட்டும் மரக்கறி உணவு உண்கின்றார். உடல் மெலிகின்றது. காற்சட்டை இடுப்பில் நிற்க மறுக்கின்றது. “விரதம் நன்றாக உடம்பில் பிடித்திருக்கிறது” என வீட்டார் மகிழ்கின்றனர். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகின்றார். எவ்வளவு நீர் அருந்தியும் தாகம் தணியவில்லை. “வெயில் கடுமை” என்று தமக்குத் தாமே காரணம் கூறிக்கொள்கின்றார். விரதத்தால் உடல் மெலியலாம். ஆனால் ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர் கழிதல், மங்கிய பார்வை ஆகிய இவையும் உடன் சேருமாயின், அது விரதத்தின் பயன் அன்று. உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறியாகும்.

பரிசோதனை எவ்வாறு அமைதல் வேண்டும்? விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சிறு கருவி ஐயத்தை எழுப்பப் பயன்படும். நோயை உறுதிசெய்ய நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் வேண்டும். எட்டு மணி நேரம் உண்ணாதிருந்தபின் சீனியின் அளவு 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பதும், 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 11.1 அல்லது அதற்கு மேல் இருப்பதும் நீரிழிவாகும். அறிகுறி ஏதுமில்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கூறலாகாது. மறுமுறை சோதித்தல் வேண்டும்.

இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ‘எச்.பி.ஏ.1.சி’ சோதனையில், உலகச் சுகாதார நிறுவனம் 2011ஆம் ஆண்டில் 6.5 விழுக்காட்டை எல்லையாக வகுத்தது. 2020ஆம் ஆண்டின் மலேசிய மருத்துவ வழிகாட்டி 6.3 விழுக்காட்டை எல்லையாகக் கொள்கின்றது. இச்சோதனை சிவப்பணுக்களைச் சார்ந்தது. ஆகவே தாலசீமியா உடையோர், இரத்தச் சோகை உடையோர், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டோர் ஆகியோருக்கு இது தவறான அளவைக் காட்டக்கூடும். அத்தகையோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் நலம்.

இனி இரண்டாம் படி. நீரிழிவு ஒரே நோய் அன்று. முதலாம் வகையில், உடலின் தற்காப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றது. இரண்டாம் வகையில், இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகின்றது. பெரியவர்களுக்கு வருவதில் மிகப் பெரும்பாலானது இரண்டாம் வகையே. ஆதலால், முதலாம் வகை சிறுவர்களுக்கே வரும் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. அது சரியன்று. நடுத்தர வயதிலும் அது தோன்றும். சிலருக்கு அது மெதுவாக வளர்ந்து, தொடக்கத்தில் மாத்திரைக்குக் கட்டுப்பட்டதுபோலத் தோன்றி ஏமாற்றும். இதற்கு ஆய்வாளர்கள் 1993ஆம் ஆண்டில் ‘லாடா’ எனப் பெயரிட்டனர்.

இதற்குத் தக்க சான்று பிரிட்டனின் முன்னாள் பிரதமர் தெரசா மே அம்மையார். 2012ஆம் ஆண்டில், உள்துறை அமைச்சராக இருந்தபோது, 56ஆம் வயதில் அவருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது. உடல் மெலிந்திருந்தது, லண்டன் ஒலிம்பிக் நடந்த அந்த ஆண்டின் ஓயாத பணியே காரணம் என அவர் எண்ணியிருந்தார். முதலில் இரண்டாம் வகை எனக் கூறி மாத்திரை கொடுத்தனர். மாத்திரை பயன் தரவில்லை. மேலும் சோதித்தபோதுதான் முதலாம் வகை எனத் தெளிந்தது. அதன்பின் நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொண்டே 2016ஆம் ஆண்டில் பிரதமர் பொறுப்பையும் ஏற்றார். நாட்டின் அமைச்சருக்கே முதற்கணிப்புப் பிழைத்ததெனில், சாதாரணக் குடிமகனுக்குப் பிழைப்பதில் வியப்பில்லை.

விரதமிருந்த அன்பருக்கும் அதுவே நேர்ந்ததாகக் கொள்ளுங்கள். மாத்திரையை முறையாக உண்கின்றார். சீனியை அறவே நீக்குகின்றார். பாகற்காய்ச் சாறும் குடிக்கின்றார். ஆயினும் அளவு இறங்கவில்லை. உடல் மேலும் மெலிகின்றது. அப்போது வீட்டாரும் உறவினரும் கூறுவது என்ன? “வாயைக் கட்டவில்லை, ஒளித்துத் தின்கிறார்” என்பதே. குற்றமற்றவர் தம் வீட்டிலேயே குற்றவாளியாகின்றார். அவருக்குக் குறைவது கட்டுப்பாடன்று, இன்சுலின். அதனை அறியாது நாளைக் கடத்தினால் இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகிவிடும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் மறுநாள் கிளினிக் திறக்கட்டும் எனக் காத்திராமல், உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

வகையை ஐயமறத் தெளிய உதவும் இரத்தச் சோதனைகள் இரண்டு உள்ளன. ‘ஜி.ஏ.டி.’ எதிர்ப்பொருள் சோதனை, உடல் தன் கணையத்தையே தாக்குகின்றதா என்பதைக் காட்டும். ‘சி-பெப்டைடு’ சோதனை, இன்சுலின் இன்னும் எவ்வளவு சுரக்கின்றது என்பதைக் காட்டும். இவை எல்லாருக்கும் தேவைப்படுவன அல்ல. மெலிந்த இந்தியருக்கும் இரண்டாம் வகை வருவதுண்டு. ஆதலின் மெலிவு ஒன்றே சான்றாகாது. ஆனால் விரைவாக உடல் மெலிந்தோரும், மாத்திரை தொடங்கிய சில மாதங்களிலேயே பலனிழந்தோரும், தைராய்டு போன்ற தற்காப்பு நோய் தமக்கோ குடும்பத்தினருக்கோ உடையோரும், “டாக்டர், எனக்கு எந்த வகை நீரிழிவு? அதை உறுதிசெய்யச் சோதனை வேண்டுமா?” எனப் பணிவுடன் கேட்கலாம். அவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. மெலிவு தொடங்கிய நாள், இரவில் எழும் தடவை, உண்ணும் மருந்து, சோதனை அளவுகள் ஆகியவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிச் செல்வது இருவருக்கும் உதவும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையையோ இன்சுலினையோ தாமே நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

பக்தப் பெருமக்களே! நேர்த்திக்கடனைக் காலந்தவறாது செலுத்தும் சமுதாயம் இது. ஆண்டுக்கொரு முறை இரத்தம் சோதிப்பதையும் அத்தகைய கடமையாகக் கொள்ளுதல் வேண்டும். இல்லத்தில் ஒருவருக்குச் சீனி இறங்கவில்லையெனில், அவரைக் கடிந்துரைக்கும் முன்னர், நோயின் முதல் சரியாக ஆராயப்பட்டதா எனக் கேளுங்கள். அக்கேள்வி ஓர் உயிரைக் காக்கும்.

எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருளால் அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் பெற்று இன்புறுவீர்களாக.