தூங்கும் சுரங்கமும் தூங்காத ஆசையும்

மூடிக் கிடக்கும் சுரங்கத்தில் முதலில் நீர் ஊறும். அதன் பின் வதந்தி ஊறும். நீரை இயந்திரம் கொண்டு இறைத்துவிடலாம். வதந்தியை இறைப்பது அத்துணை எளிதன்று.

பிழைப்பை நாடிப் பெரியாற்றங்கரையிலுள்ள ஏலூர் ஆலைகளுக்கு வந்து குடியேறிய நம்மவரிடையேயும் ஒரு பேச்சு அடிபடுகிறது. கோலார் தங்கவயல் மீண்டும் திறக்கப்படப் போகிறதாம். இப்போதே பங்கு வாங்கிப் போட்டால் பின்னர் பொன்னாய்க் கொழிக்குமாம். இதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைச் சற்று ஆராய்வோம்.

தங்கவயல் தமிழர்க்கு அயலிடமன்று. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பாதாளத்தில் உழைத்தனர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தொடங்கிய பணி, 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் வரை சென்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் பொன் வெளிவந்தது. ஆயினும், தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் 3 கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆழம் மிகுந்தோறும் செலவு மிகுந்தது. பாறை வெடித்துச் சரியும் அபாயமும் மிகுந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது.

மீண்டும் திறப்பது பற்றிய செய்தி முற்றிலும் பொய்யன்று. 2024 ஜூன் மாதம், பழைய மண்மேடுகள் 13இல் பொன்னெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இணங்கியது. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணே அம்மேடுகள். அது சுமார் 3.3 கோடி டன் என்பது கணக்கு. ஆனால், ஒரு டன்னில் ஒரு கிராம் பொன்கூட இராது. மேட்டு மண்ணை அலசுவது வேறு. நீர் நிறைந்த பாதாளத்துள் மீண்டும் இறங்குவது வேறு. “சுரங்கம் திறக்கிறது” என்னும் சொல் இரண்டையும் ஒன்றாக்கி மயக்குகிறது.

இன்னொன்று. சுரங்கத்தை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் முழுவதும் மத்திய அரசின் உடைமை. அதன் பங்கு சந்தையில் விலைக்கு வருவதன்று. ஆகவே, “தங்கவயல் பங்கு” என்று ஒருவர் நீட்டினால், அது எந்தக் கம்பெனியின் பங்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்குச் சொற்களின் எல்லை முக்கியம். கனிமத் துறையில் ‘வளம்’ என்பது நிலத்தடியில் உள்ளதாக மதிப்பிடப்படுவது. ‘இருப்பு’ என்பது அதனுள் ஆதாயத்துடன் வெட்டி எடுக்கத்தக்கது. அவ்வாறே இசைவு, ஏலம், குத்தகை, உற்பத்தி ஆகியவை தனித்தனிப் படிகள். முதற்படியில் எழும் செய்தியைக் கேட்டு, கடைசிப் படியின் ஆதாயத்தைக் கணக்கிடுவோர் பலர்.

இத்தகைய ஆசை புதிதன்று. இன்று நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் பழங்காலத்தார் பொன் தோண்டிய குழிகள் உண்டு. அவற்றை நம்பி 1880ஐ ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில், 30க்கும் மேற்பட்ட கம்பெனிகள் 40 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட மூலதனத்துடன் தோன்றின. கிடைத்த பொன் செலவுக்கும் போதவில்லை. சில ஆண்டுகளில் அவை மறைந்தன. அதே காலத்தில் கோலாரிலும் பங்குவிலை படுவீழ்ச்சி கண்டது. ஆயினும், எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு பிளம்மர் என்னும் சுரங்க நிபுணர் பழைய குழிகளுக்கு அடியில் தோண்டி, சாம்பியன் தாதுரேகையைக் கண்டார். ஒரே காலம், ஒரே ஆசை. ஓரிடத்தில் பாறை கைவிட்டது, மற்றோரிடத்தில் கைகொடுத்தது. லண்டனில் பங்கு வாங்கியோருக்கு இவ்வேறுபாடு முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை.

அவர்களுள் பலர் இழப்பைத் தாங்கக்கூடிய செல்வர். நம்முடைய சேமிப்போ மகளின் திருமணத்துக்கும் ஊரில் ஒரு வீட்டுக்கும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்தது. ‘இருப்பு’ என்னும் சொல் அதிகாரபூர்வமான அறிக்கையில் இடம்பெறும்வரை அப்பணம் அஞ்சலகக் கணக்கிலேயே இருக்கட்டும். தங்கவயல் உயிர்பெற வேண்டும் என்று விழைவதில் தவறில்லை. அங்கு வேலையிழந்த குடும்பங்களின் பொருட்டு அவ்வாறு விழைவது கடமையுமாகும். ஆனால், விழைவு வேறு, முதலீடு வேறு.