எழுத்தறிவும் வாக்குரிமையும்



அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போர் என்றதும் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் நம் நினைவுக்கு வருகிறார். மாண்ட்கமரி நகரில் 381 நாள்கள் நடந்த பேருந்துப் புறக்கணிப்பையும், 1963ஆம் ஆண்டின் வாஷிங்டன் பேரணியையும் நாம் அறிவோம். ஆனால் அப்போரின் வேர்களுள் ஒன்று, ஒரு சிறிய கடையின் பின்னறையில் இருந்தது. கல்விப் பணிக்கென்றே கூடியிருக்கும் நாம் அதனை அறிந்துகொள்வது கடமையாகும்.

தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதை 1740ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது; 1834இல் படிக்கக் கற்பிப்பதும் தடுக்கப்பட்டது. 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆனால் பின்னர், சொத்தில்லாதவர் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும் என்று விதித்தனர். படிக்க விடாமல் தடுத்த அதே ஆதிக்கம், படிக்கத் தெரியாதவருக்கு வாக்கில்லை என்றது. இந்தச் சூழ்ச்சியை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகில் உள்ளது ஜான்ஸ் தீவு. அங்கிருந்து தொழிலாளரை நகருக்கு ஏற்றிச் சென்ற பேருந்தை ஓட்டியவர் ஈசா ஜென்கின்ஸ். பயணத்தின்போதே அவர் அச்சட்டப் பகுதியைப் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்த ஒரு பெண், அதனை ஒப்பித்துப் பதிவும் பெற்றுவிட்டார். ஆயினும் அவர் மனம் நிறைவடையவில்லை. உண்மையாகவே படிக்கக் கற்க விரும்பினார்.

அந்த வேட்கைக்கு வழிகண்டவர் செப்டிமா கிளார்க் அம்மையார். தந்தை அடிமையாகப் பிறந்தவர். தாய் பிறர் துணி வெளுத்துப் பிழைத்தவர். 1916இல் அதே தீவில் ஆசிரியையாகப் பணி தொடங்கிய அம்மையார், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததால் 1956இல் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். அப்போதும் அவர் தளரவில்லை.

1957 ஜனவரியில் முதல் 'குடியுரிமைப் பள்ளி' தொடங்கியது. முன்புறம் கூட்டுறவுக் கடை. வெள்ளையர் கண்ணில் படாமலிருக்கப் பின்புறம் வகுப்பு. முதல் இரவில் வந்தவர்கள் 14 பேர். ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன் பட்டம் பெற்றவர் அல்லர். பெண்களுக்குத் தலையலங்காரம் செய்து வாழ்ந்தவர். அவரிடம் வந்தவர்கள் கறுப்பினப் பெண்களே. ஆகவே அவரை வேலையிலிருந்து நீக்க எந்த முதலாளியாலும் இயலாது! கற்போரிடம் உயர்வு காட்டாத அவர், அவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்டே பாடம் அமைத்தார். முதியோர் தம் பெயரை எழுதினர். மணியார்டர் படிவம் நிரப்பினர். பிறகு அரசியல் சட்டத்தையும் படித்தனர்.

1961இல் டாக்டர் கிங்கின் இயக்கம் இப்பணியை ஏற்றது. தென்மாநிலங்கள் எங்கும் பள்ளிகள் பரவின. அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. வாக்காளராகப் பதியச் சென்றதற்காக, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து 1962இல் விரட்டப்பட்டார் மிசிசிப்பியின் ஃபேனி லூ ஹேமர். 1963இல் பயிற்சி வகுப்பு முடித்துத் திரும்புகையில் கைதாகிச் சிறையில் கொடுமையாக அடிக்கப்பட்டார். இத்தகையோரின் துணிவே 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமாக மலர்ந்தது. வேலை பறிக்கப்பட்ட கிளார்க் அம்மையார், 1975இல் சார்ல்ஸ்டன் வட்டாரப் பள்ளிக் குழுவுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் 2013இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியக் காப்பு ஒன்றைச் செயலிழக்கச் செய்தது. பெற்ற உரிமையையும் விழித்திருந்து காக்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

வாக்குரிமைக்கு எழுத்தறிவை நிபந்தனையாக்கும் கொள்கையை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. 1928இலேயே சைமன் குழுவின்முன் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார். ஆகவே, கைநாட்டு வைத்த நம் பாட்டன் பாட்டியரும் முதல் பொதுத்தேர்தலிலேயே வாக்களித்தனர். அவர்கள் படிக்காமலே பெற்ற உரிமையை, படித்த நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்?

இளைஞர்களே! மனு எழுதவும், படிவம் நிரப்பவும், சட்டம் தரும் உரிமையை அறியவும் பிறர் கையை எதிர்பார்ப்போர் நம் தெருவில் இன்னும் உள்ளனர். அவர்களுக்குக் கற்பிக்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஓர் அறையும், வாரத்தில் இரண்டு மாலைகளும், பணிவுள்ள நெஞ்சும் போதும். பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் நம் தெருவுக்குத் திரும்பி வந்து அமர்வோம். இந்த வெள்ளிவிழாவில் நாம் ஏற்கும் உறுதி அதுவாகட்டும்.