பெருந்தொற்றுக் காலத்துத் தாய்மார்



2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது, பேருந்துகள் நின்றன. மதுரை மாநகரிலும் பரவை, திருப்பரங்குன்றம் முதலிய சுற்றுப் பகுதிகளிலும் ஜூன் 24 அன்று மீண்டும் முழு ஊரடங்கு தொடங்கி ஜூலை 14 வரை நீண்டது. பலருக்கு அது வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். தாலசீமியா நோயுற்ற குழந்தையின் தாய்க்கோ வெளியே சென்றே தீர வேண்டிய காலம்.

இந்நோயின் கடும் வகையில், குழந்தையின் உடல் போதிய நல்ல சிவப்பணுக்களை ஆக்கிக்கொள்வதில்லை. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும். நாள் தள்ளினால் முகம் வெளிறும், மூச்சு வாங்கும், ஓடியாடிய பிள்ளை சுருண்டு படுக்கும். ஏற்றிய இரத்தத்தால் உடலில் தேங்கும் இரும்புச்சத்தை வெளியேற்ற மருந்து வேறு.

அரிசி பருப்பைப் போல் இரத்தத்தைச் சேர்த்து வைக்க இயலாது. சிவப்பணுக்கள் குளிர்ப்பெட்டியிலும் ஏறத்தாழ ஆறு வாரமே தாங்கும். கல்லூரிகள் மூடியதால் அங்கு நடக்கும் இரத்ததான முகாம்களும் நின்றன. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மதுரைக்கு வரப் பேருந்து இல்லை. வண்டி கிடைத்தாலும் அச்சம் விடவில்லை. அரசு இராசாசி மருத்துவமனையிலோ தொற்றாளர் பெருகிக்கொண்டிருந்தனர். வீட்டில் வைத்திருந்தால் இரத்தக் குறைவு. அழைத்துச் சென்றால் தொற்று. இரண்டையும் எடைபோடும் சுமை பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுந்தது. கொடையாளரைத் தொலைபேசியில் தேடுவதும் அவள் பாடே.

இவற்றோடு, 'உன்னால் வந்த நோய்' என்ற சொல்லும் அவள் காதில் விழுவதுண்டு. அது அறியாமை. தாய் தந்தை இருவரிடமும் நோய்க்கூறு இருந்தால்தான் குழந்தைக்குக் கடும் வகை வரும். அப்போதும் ஒவ்வொரு கருவிற்கும் நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு. உறவுக்குள் மணம் முடிக்கும் சிறு சமூகத்தார், சாதகப் பொருத்தத்திற்குக் காட்டும் அக்கறையில் பாதியையேனும் இரத்தப் பரிசோதனைக்குக் காட்டலாம்.

ஔடத தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் குடும்பங்கள் இங்கே கூடியுள்ளன. 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள ஆண் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் பெண் நான்கு திங்களுக்கு ஒருமுறையும் இரத்தம் தரலாம். இளைஞர்கள் தம் பெயரையும் இரத்தப் பிரிவையும் அருகிலுள்ள இரத்த வங்கியில் இப்போதே பதிந்து வைக்கட்டும். மறுபடியும் பேருந்துகள் நிற்கும் நாளில் யாரை அழைப்பதென்று அத்தாய் திகைக்க வேண்டியிராது.