வழி கூறும் குழல்



இறந்தவரின் உயிர் எங்கே செல்கிறது? ஹ்மோங் மக்களின் பழைய மரபில் இதற்குத் தெளிவான விடையுண்டு. பிறந்த வீட்டின் மண்ணிற் புதைக்கப்பட்ட நஞ்சுக்கொடியைத் தேடிச் செல்கிறது என்பர். உயிர் முதன்முதல் அணிந்த ஆடை அதுவே. அதனை மீண்டும் அணிந்துகொண்டே மூதாதையரைச் சேரவேண்டும்.

லாவோஸ் நாட்டு மலைகளில் வாழ்ந்த இம்மக்களுட் பலரை, வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத்துறை, வாங் பாவோ என்னும் தளபதியின் கீழ் மறைவான படையாகத் திரட்டியது. 1975இல் லாவோஸ் ஆட்சி மாறவே, பல்லாயிரவர் மெக்கொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களில் அடைக்கலம் புகுந்தனர். பின்னர் பெரும்பாலோர் அமெரிக்கா சென்றனர். சிதறியிருந்தால் விரைவிற் கலந்துவிடுவர் என்றெண்ணி, அந்நாடு அவர்களைப் பல மாநிலங்களிலும் பிரித்துக் குடியேற்றியது. அவ்வெண்ணம் பலிக்கவில்லை. அவர்கள் தத்தம் குலத்தாரைத் தேடிச் சென் போல், பிரெஸ்னோ ஆகிய நகரங்களில் வந்து கூடினர்.

அவர்தம் பூத்தையற் துணிகள் அங்கே சந்தையில் விலைபோகின்றன. புத்தாண்டு விழாவுக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. ஆயினும், அயலவர் கண்டு மகிழும் இவற்றை விட, சாவீட்டுச் சடங்கே மரபின் உயிர்நிலை எனலாம். அங்கே வழிகாட்டுவோர், இறந்தவர் வாழ்ந்த ஊர்களைப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாய்ச் சொல்லி உயிரை அனுப்புகிறார். சென் போல் நகரிற் காலமான முதியவருக்குச் சென் போலிலே தொடங்கி, தாய்லாந்து முகாம், லாவோஸ் மலைக்கிராமம் என்று வழி நீள்கிறது. பின்னர் ஆறு மூங்கிற் குழாய்கள் கொண்ட 'கேங்' என்னும் குழல் ஒலிக்கிறது. அது வெறும் இசையன்று. ஹ்மோங் மொழியிற் சொல்லின் பொருள் குரலின் ஏற்றவிறக்கத்தால் மாறுவது. குழலின் ஒலியும் அவ்வாறே சொல்லாகி நிற்கிறது. மொழி அறியாதார் காதில் அது சொல்லாகாது.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் பெற்றோருக்கு மொழிபெயர்த்தே வளர்ந்த பிள்ளைகள் பலர்க்கு, அப்பெற்றோரின் சடங்குமொழி விளங்குவதில்லை. கிறித்தவம் தழுவிய குடும்பங்கள் பல இச்சடங்கையே விட்டுவிட்டன. அமெரிக்க மருத்துவமனையிற் பிறந்தவர் பலர்க்கோ மண்ணிற் புதைத்த ஆடையே இல்லை.

சென் போலிலுள்ள ஹ்மோங் பண்பாட்டு நிலையம் கேங் வாசிப்பையும் சடங்குப் பாடல்களையும் இளைஞருக்குக் கற்பித்து வருகிறது. ஊதிக்கொண்டே சுழன்று ஆடுதலைச் சிறுவர் விருப்போடு பழகுகின்றனர். குழல் சொல்வதைச் சொல்லாகப் பிரித்துணர அவர்களுக்கு மேலும் பல ஆண்டுகள் வேண்டியிருக்கின்றன.