கரன்ட் பில்லில் ஒளிஞ்சிருக்கும் கார்பன்

உங்க போனில் கடைசியா வந்த மின் கட்டண எஸ்.எம்.எஸ்ஸைக் கொஞ்சம் திறந்து பாருங்க. ரூபாயை விட்டுடுங்க, யூனிட் எவ்வளவுன்னு பாருங்க.

ஒரு வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு 560 யூனிட்னு வச்சுக்குவோம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருது. அதனால ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. பெருக்கிப் பார்த்தா 392 கிலோ. அதே வீட்டில் மாசம் ஒரு சமையல் சிலிண்டர்னா, 14.2 கிலோ எரிவாயுவுக்கு ஏறக்குறைய 42 கிலோ, இரண்டு மாசத்துக்கு 84 கிலோ. அடுப்பைவிட சுவிட்ச் போர்டுதான் பெரிய புகைபோக்கி!

சரி, ஒரு வீடு தனியா என்ன செய்யும்னு கேட்பீங்க. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் இருக்கிற ஓடந்துறை ஊராட்சியைப் பாருங்க. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகிற மின் கட்டணம் ஏறிக்கிட்டே போனது. ஊர்க்காரங்க முதலில் மரக்கழிவை எரிவாயுவா மாத்தி மோட்டார் ஓட்டிப் பார்த்தாங்க. அப்புறம் 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிட்டாங்க. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி 1.15 கோடி வங்கிக் கடன். ஓடந்துறையில் போதிய காற்று இல்லை, அதனால் உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் நிறுவினாங்க. ஊராட்சித் தேவை போக மிஞ்சினது மின்வாரியத்துக்கு விற்பனை. அந்த வருமானத்தில் இருந்துதான் கடன் தவணையும் கட்டினாங்க.

இதில் என்னைக் கவர்ந்தது காற்றாலை இல்லை, அந்த 40 லட்சம்தான். வரியை ஒழுங்கா வசூலிச்சு, கணக்கை மக்கள் முன்னாடி வச்ச ஊரால்தான் அவ்வளவு சேர்க்க முடியும். வங்கியும் அதைப் பார்த்துத்தானே கடன் கொடுக்கும்?

நம்ம அடுக்குமாடியில் காற்றாலை வேண்டாம், மொட்டை மாடி போதும். ஆனா சண்டையே அங்கதான் ஆரம்பிக்கும். மேல் மாடிக்காரருக்கு ஒழுகுமோன்னு பயம், வாடகைக்கு இருப்பவருக்கு நமக்கென்னன்னு எண்ணம், வடகம் காயப்போட இடம் போயிடும்னு பாட்டிக்கு வருத்தம். எல்லாமே நியாயமான கவலைதான், கூட்டத்தில் பேசித்தான் தீர்க்கணும். லிஃப்ட், தண்ணி மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகிய பொது இணைப்பில் மிச்சமானா பராமரிப்புக் கட்டணம் குறையும். அப்ப வாடகைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். தனி வீட்டுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேணும். நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். மின் இணைப்பு எண்ணோட அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். பேனல் போட்டு, ஆய்வு முடிஞ்ச பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். "முன்பணம் கட்டுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க"ன்னு யாராவது போன் பண்ணினா கட் பண்ணிடுங்க.

சோலார் முடியலையா? ஃபேனில் ஆரம்பிங்க. பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்தான். மூணு ஃபேன், நாளுக்குப் பத்து மணி நேரம்னா இரண்டு மாசத்தில் 81 யூனிட் மிச்சம். நம்ம 560 யூனிட் வீடு 479-க்கு இறங்கிடும். 500-ஐத் தாண்டினா 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக்கூட விலை ஏறும். அந்தச் சுமையும் போச்சு. தெருவில் இருபது வீடு சேர்ந்து வாங்கினா கடைக்காரரிடம் பேரம் பேசவும் தெம்பு வரும்.

ஈரக்குப்பை பத்தியும் ஒரு வார்த்தை. குப்பை மேட்டில் காத்து இல்லாம அழுகினா மீத்தேன் வரும். அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேத்தும். பிரிக்காம கொடுத்தா உடைஞ்ச கண்ணாடியையும் நாப்கினையும் கையால் பிரிக்கிறவர் தூய்மைப் பணியாளர்தான். மூணு வீடு சேர்ந்து ஒரு உரத்தொட்டி வைக்கலாம். நாறினா ஈரம் அதிகம்னு அர்த்தம்; காய்ஞ்ச இலையோ தென்னை நார்த்தூளோ போடுங்க, சரியாயிடும். மரக்கன்று நட்டு செல்ஃபி எடுக்கிறதைவிட இதில் வேலை கூடுதல், லைக்ஸ் கம்மி!

கிராமத்தில் இருக்கிறவங்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபை இருக்கு. போகும்போது உங்க ஊரின் குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மாசம் எவ்வளவு மின் கட்டணம் போகுதுன்னு கேளுங்க. தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தொகையை எழுதச் சொல்லுங்க. அடுத்த சபையில் அதை வச்சுப் பேச்சைத் தொடரலாம்.