ஆற்று நீர்ப் பங்கீடும் நம் மக்களும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வி விழாவில் வாய்க்காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். தாமிரபரணியின் கடைமடையில் வாழ்கின்ற நமக்கு ஆற்று நீர் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை அறிவதும் ஒரு கல்வியே ஆகும். நம்மில் பெரும்பாலோர் அந்த நீரில் இறங்கி வேலை செய்தவர்களின் பிள்ளைகள். ஆனால் அந்த நீரின் கணக்கு எழுதப்பட்ட ஏட்டை நம்மவர் எத்தனை பேர் விரித்துப் பார்த்திருக்கிறோம்?

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கின்ற இவ்வாற்றில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலிருந்து வரிசையாகச் சொன்னால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழங்காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியில், 1870களில் கட்டி முடிக்கப்பெற்றது. இவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. மொத்த ஆயக்கட்டு 86,107 ஏக்கர். இதில் 40,000 ஏக்கர் மேலே உள்ள ஆறு அணைக்கட்டுகளைச் சார்ந்தது. மிகுதி 46,107 ஏக்கர் மருதூரையும் ஸ்ரீவைகுண்டத்தையும் நம்பியிருக்கிறது. அஃதாவது, 1986இல் நெல்லையிலிருந்து பிரிந்த நம் தூத்துக்குடி மாவட்டத்தின் பங்கு பாதிக்கும் அதிகம். ஆனால் நாம் இருக்கும் இடமோ ஆற்றின் கடைசி. இந்த ஒரு முரண்பாட்டைப் புரிந்துகொண்டால் நம் பகுதியின் நீர்ச் சச்சரவுகளில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் என இரண்டு பிரிகின்றன. இரண்டும் சேர்ந்து 25,560 ஏக்கர். தென்கால் கடம்பாகுளத்தை நிரப்பி அதன் கீழுள்ள குளங்களுக்கும் நீர் கொடுக்கிறது. வடகால் ஆறுமுகமங்கலம், பேய்க்குளம் எனச் சென்று கோரம்பள்ளம் குளத்தில் முடிகிறது. இங்கே கால்வாய் நேராக வயலுக்குப் பாய்வது குறைவு. குளத்துக்குப் பாய்ந்து, குளத்து மடை வழியாக வயலுக்குப் போவதே மிகுதி. ஆகவே ஆற்றில் நீர் திறந்தாலும், குளம் நிரம்பினால்தான் கடைசி வயல் நனையும்.

தண்ணீர் எப்போது திறப்பது, யாருக்கு முதலில் என்பது எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது? தென்மேற்குப் பருவமழையை நம்பிய கார் சாகுபடி, வடகிழக்குப் பருவமழையை நம்பிய பிசானச் சாகுபடி என இரண்டு பருவங்கள் இங்கு வழக்கம். 1944இல் முடிந்த பாபநாசம் அணையில் 143 அடியும், காமராசர் ஆட்சிக்காலத்தில் எழுந்த மணிமுத்தாறு அணையில் 118 அடியும், 1986இல் வந்த சேர்வலாறு அணையில் 156 அடியும் நீர் தேக்கலாம். இந்த இருப்பைப் பார்த்து, அரசாணை பிறப்பித்து நீர் திறக்கிறார்கள். இருப்பு குறைந்தால் முறை வைத்து விடுகிறார்கள். மிகவும் குறைந்தால் கார் சாகுபடிக்கு நீர் இல்லை என்று அறிவித்துவிடுகிறார்கள். பழைய அணைக்கட்டுகளின் பாத்தியதை முந்தியது என்னும் எண்ணம் ஆற்றங்கரையில் இன்றும் வலுவாக இருக்கிறது. சட்டம் என்ன சொன்னாலும், மேலே இருப்பவன் கையில்தான் மடை இருக்கிறது என்பது கடைமடைக்காரர் எல்லாரும் அறிந்த உண்மை.

மணிமுத்தாற்றைச் சொல்லும்போது அதன் நீர்ப்பிடிப்பு மலையில் உள்ள மாஞ்சோலையையும் நினைக்காமல் இருக்க இயலவில்லை. 1999 ஜூலை 23 அன்று, அத்தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தின்மீது காவல்துறை தடியடி நடத்தியபோது, பதினேழு பேர் இதே தாமிரபரணியில் உயிரிழந்தனர். அவர்களுக்கு நம் வணக்கம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அணைக்கட்டையும் அரசாணையையும் பற்றி நூல்கள் பேசும். ஆனால் குளத்து மடையைத் திறந்தவர் யார்? நள்ளிரவில் கால்வாய் ஓரமாக நடந்து, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று விண்மீனைப் பார்த்துக் கணக்கிட்டு நீர் திருப்பியவர் யார்? தமிழகமெங்கும் இப்பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் நம் மக்களே. மதுரைப் பக்கம் நீர்க்கட்டி என்றும், வேறிடங்களில் நீர்பாய்ச்சி, கம்புகட்டி, தோட்டி என்றும், நம் பக்கத்தில் மடைக்குடும்பன் என்றும் பெயர். பெயர் பலவானாலும் வேலை ஒன்றே. குமிழி மடையைத் திறக்க நிறைகுளத்தில் மூச்சடக்கி முங்கினார்கள். கரையில் நண்டு துளைத்த பொந்தை மிதித்து அடைத்தார்கள். மழைக்காலத்தில் கரையிலேயே படுத்தார்கள். என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். எந்த வயல் மேடு, எந்த வயல் பள்ளம், எதற்கு முதலில் விட்டால் எது தானாக நனையும் என்பதெல்லாம் அவர் மனத்தில் வரைபடமாக இருந்தது. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

இதற்குக் கூலியாகக் களத்துமேட்டில் நெல் அளந்தார்கள். அந்தப் பங்குக்கு நம் நாட்டுப் பழைய கணக்குகளில் வழங்கிய பெயர் என்ன தெரியுமா? ‘சுதந்திரம்’! களத்தில் அளக்கும் நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர். அதைப் பெற்றவர்களுக்கோ சுதந்திரம் இல்லை. மொழி சில வேளைகளில் தன்னையறியாமல் எள்ளி நகையாடுகிறது.

இன்னொரு சான்றையும் கூறுகிறேன். 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. குளமோ ஆறோ கால்வாயோ கரை உடையும் ஆபத்தில் இருந்தால், அருகிலுள்ள கிராமங்களின் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்கள் அனைவரையும் வேலைக்கு அழைக்கும்படி ஊர்த்தலைவருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அச்சட்டம் அதிகாரிகளுக்கு அளித்தது. கரை காப்பது பொதுக்கடமை என்றால், அஃது எல்லாருக்கும் அல்லவா பொது? கரை உடைந்தால் மூழ்குவது எவருடைய நெல்? அழைக்கப்பட்டதோ உழைக்கும் வகுப்பு மட்டும். குடிமராமத்து என்னும் சொல்லைப் பெருமையோடு சொல்வோர் பலர் உண்டு. அதில் பெருமை உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மண் சுமந்த தலை எது, வரப்பில் நின்று எண்ணிய கை எது என்று நாம் கேட்டாக வேண்டும்.

சிவகளையில் அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்மணிகள் கி.மு. 1155ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று 2021இல் அறிவிக்கப்பட்டபோது தமிழர் அனைவரும் மகிழ்ந்தோம். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாற்றங்கரையில் நெல் விளைகிறது. அந்த வயலுக்கு நீர் கொணர்ந்தவர் பெயர் எந்தத் தாழியிலும் இல்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு விவசாயிகள் நீர்ப்பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்கு மேல் பகிர்மானக் குழு, அதற்கும் மேல் திட்டக்குழு என மூன்று படிகள். அதிகாரிகள் மட்டுமே முடிவு செய்து வந்த காரியத்தில் விவசாயிகளுக்கும் இடம் தந்த நல்ல சட்டம்தான். எனினும் அதன் உறுப்பினர் தகுதி ஆயக்கட்டு நிலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. நடவு நடுகின்ற பெண்ணுக்கும், களை பறிப்பவருக்கும், மடை திறந்தவரின் மகனுக்கும் அச்சங்கத்தில் வாக்கு இல்லை. நிலம் நமக்கு ஏன் இல்லை என்பது தனிக்கதை. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கையின் விளைவாக 1892இல் பிறந்த ஆணையின்படி நமக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுங்கூடத் தரிசிலிருந்து பிரித்தளிக்கப்பட்டவையே. கால்வாய் எட்டும் நன்செய் நம் கைக்கு வருவது அரிதாகவே இருந்தது.

இதனால் விளையும் இழப்பைப் பாருங்கள். ஓர் ஆண்டு கார் சாகுபடிக்கு நீர் இல்லை என்று அறிவிக்கப்படுகிறது. நிலமுடையவருக்கு ஒரு போகம் நட்டம். அந்த நட்டத்துக்கு ஏக்கர்க் கணக்கு உண்டு, மனுக் கொடுக்க வழி உண்டு. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் குடும்பத்துக்கோ பல வாரக் கூலி போய்விடுகிறது. அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவர்கள் உப்பளத்துக்குப் போகிறார்கள்; துறைமுகத்தில் சுமை தூக்கப் போகிறார்கள்; திருப்பூருக்குப் பேருந்து ஏறுகிறார்கள். பள்ளியில் வருகைப் பதிவு குறைவதை நம் ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பிள்ளையின் வெற்று இடத்துக்கும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்துக்கும் தொடர்பு உண்டு.

நகரமும் தொழிலும் கேட்கும் பங்கு வேறு. தூத்துக்குடி நகருக்கு வல்லநாட்டிலிருந்து ஆற்று நீரைக் குடிநீராகக் கொண்டுவந்த பெருமை நகராட்சித் தலைவராயிருந்த இராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்களைச் சேரும். அந்நாளில் முத்துக்குளிக்க வந்தவரும் துறைமுகத்தில் இறங்கியவரும் நல்ல தண்ணீருக்குத் தவித்த ஊர் இது. பின்னர் 1970களில், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து நாளொன்றுக்கு 2 கோடி காலன் நீரைத் தொழிற்சாலைகளுக்கு எடுக்கும் திட்டம் வந்தது. தொழிற்சாலைகள் வேலை தந்தன என்பதை நான் மறைக்க மாட்டேன். நம் பிள்ளைகளும் அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால் வயல் காயும்போதும் குழாய் ஓடியது. வழக்கு நடந்தது. 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தொழிற்சாலைகளுக்கு அவ்வாறு நீர் எடுப்பதற்குத் தடை விதித்தது. அதற்கு முன்னரே 2015இல், மண் மேடிட்டுக் கிடந்த அந்த அணைக்கட்டைத் தூர்வார அதே தீர்ப்பாயம் ஆணையிட்டிருந்தது. 2010இல் ஆற்றுமணலைக் காக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தாமே நின்று வாதாடியவர் தோழர் நல்லகண்ணு. இவையெல்லாம் தாமாக நடந்தவையல்ல; கணக்கு அறிந்தவர்கள் ஏட்டோடு போய் நின்றதால் நடந்தவை.

நீர் கேட்பது நமக்குப் புதிதன்று. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். குளம் எல்லாருக்கும் பொது என்று நகராட்சி 1924இலேயே தீர்மானம் செய்திருந்தது. தீர்மானம் தாளில் இருந்தது, நீர் குளத்தில் இருந்தது, இடையில் மனிதர்கள் நின்றார்கள். வழக்கு 1937இல்தான் முடிந்தது. அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன; தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு உருக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு கை நீர் அருந்தப் போராடியவர் ஒரு நதியையே எவ்வாறு ஆள்வது என்று திட்டமிடும் நாற்காலியில் அமர்ந்தார். நடுவில் இருந்தது படிப்பு.

ஸ்பெயின் நாட்டில் வலென்சியா என்றோர் ஊர். அங்கே ஆற்றுக் கால்வாய்களின் பிரதிநிதிகள் எண்மர், வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் வாயிலில் கூடி நீர் வழக்குகளைத் தீர்க்கிறார்கள். வக்கீல் இல்லை, மனுத்தாள் இல்லை, எல்லாம் வாய்மொழி. அவர்களும் விவசாயிகளே. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மானுடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது. நமக்கும் எட்டு அணைக்கட்டுகள். ஸ்ரீவைகுண்டத்தில் அப்படியொரு மன்றம் கூடினால் அதில் மடை திறப்பவருக்கு நாற்காலி போடுவார்களா என்பதே என் ஐயம்.

இளைஞர்களே, உங்களிடம் சில வேலைகளை ஒப்படைக்க விரும்புகிறேன். நம்மவருள் ஆயக்கட்டில் பத்து சென்ட் நிலம் உடையவர் இருந்தாலும், நீரைப் பயன்படுத்துவோர் சங்கப் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் மாற்றுவதற்கு உதவுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு மாதந்தோறும் இருவர் போய்க் குறிப்பெடுத்து வாருங்கள். அணைகளின் நீர்மட்டம் நாள்தோறும் வெளியாகிறது. நம் கழக நூலகத்தின் கரும்பலகையில் அதை எழுதிவையுங்கள். பொறியியல் படிக்கின்றவர்கள் நீர்வளத்துறைத் தேர்வை எழுதுங்கள். லஸ்கர் வேலைக்கு மட்டுமே நாம் என்ற காலம் போகட்டும்.

வயது முதிர்ந்த மடைக்காரர்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததை எழுதி வாங்குங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, கோரம்பள்ளம் குளக்கரை உடைந்து, நகரமே மூழ்கிய அந்த நாட்களில், எந்தக் கரை எங்கே பலவீனம் என்று அறிந்த கிழவர்களை எவரும் கேட்கவில்லை.

நிலமில்லாதவருக்குச் சங்கத்தில் வாக்கு இல்லை. ஆனால் கிராம சபையில் உண்டு. உலக நீர் நாளான மார்ச் 22 அன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூட வேண்டும் என்பது 2022இல் செய்யப்பட்ட ஏற்பாடு. மகத் நாளுக்கு மறுநாள் கழித்து அது வருகிறது. உங்கள் ஊர்க் குளத்தின் பெயர், அதற்கு நீர் தரும் கால்வாய், மடைகளின் எண்ணிக்கை, சென்ற பருவத்தில் நீர் வந்த நாட்கள், அப்பருவத்தில் நம் தெருவுக்குக் கிடைத்த கூலி நாட்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாசித்துவிட்டுத் தீர்மான ஏட்டில் பதியச் சொல்லுங்கள். படியொன்றை நம் கழக அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.